காலிக் கூடுகள் விழுந்த இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நானாகக் கற்பனை செய்த கதை இல்லை. என் கொழுந்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து, அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார். "நீங்கதான் எழுதுறவங்களாச்சே அண்ணி, ரெண்டு வரி பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். நானும் பெருமை பொங்க எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு வரியில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதனால்தான் இந்தக் கதை.

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் முறை இப்படித் தொடங்கினேன்:

'ட்ரிகரிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அவள் கண்களில்—'

கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "ட்ரிகர்ல புகை வந்தா தீயணைப்பு வண்டியத்தான் அண்ணி கூப்பிடணும்!"

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டேன். அவள் கண்களில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம். இந்தக் கதையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. கதைக்குள் துப்பாக்கி வந்தால் யாராவது சாக வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தத் துப்பாக்கியின் வியாதியே சுடாமல் நின்றுபோவதுதான்.

2

கொழுந்தனாரை வேலையிடத்தில் 'வைத்தியர்' என்பார்கள். ஊர் ஊராகக் கிடங்குகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆயுதக் காவலர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். ஜன்னல் இல்லாத அறை, சங்கிலி போட்ட இரும்பு அலமாரி, ரப்பர் விரிப்பு விரித்த மேசை, எண்ணெயில் ஊறிய பழைய பல் துலக்கும் பிரஷ்கள். பிஸ்டலைக் காலி செய்து, இரண்டு முறை சரிபார்த்து, மேல்பகுதியைக் காதருகே வைத்து இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்திலேயே, "இது எண்ணெய் கேட்குது" என்பார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்னது பொய்த்ததில்லை.

(அப்படித்தான் அவர் சொல்கிறார். என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, இதைக் கேட்டதும், "வீட்டு மிக்ஸி மட்டும் ஏன் அவர்கிட்ட எதுவும் கேட்க மாட்டேங்குது அக்கா?" என்றாள்.)

இன்னொருத்தி அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு காவலாளிப் பெண். ஆறு வருஷமாக ஆயுதப் பிரிவில் இருக்கிறாள், ஏழு வயதில் ஒரு மகள், வீட்டில் வேறு ஆள் இல்லை. காலை எட்டு முதல் மூன்று வரை வேலை. பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்க முடிகிற வேலை அந்த நிறுவனத்தில் அது ஒன்றுதான்.

ஆயுதப் பிரிவில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சுடும் தேர்வில் தேற வேண்டும். முப்பது தோட்டா, குறிப்பிட்ட நேரம், குறைந்தது இருபத்து நான்கு குறி வட்டத்துக்குள்ளே பட வேண்டும். நடுவில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் நீங்களேதான் சரிசெய்ய வேண்டும், கடிகாரம் நிற்காது. மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ஊருக்கு வெளியே தூரத்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கேயே தங்கல், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு.

அவள் முதல் வாய்ப்பில் தோற்றாள். முப்பது தோட்டாவுக்குள் ஐந்து முறை சிக்கியது.

3

இந்த இடத்தில் பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியாக வேண்டும். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன். கடைசியில் கொழுந்தனாரே சொன்னார்.

"தோட்டா வெடிக்குது இல்லையா, அந்த உதையிலதான் மேல்பாகம் பின்னாடி ஓடுது. ஓடுறப்ப, வெடிச்ச தோட்டாவோட காலிக் கூட்டை வெளியே வீசிடும். ஸ்ப்ரிங் அதைத் திருப்பி முன்னாடி தள்ளும், வர்ற வழியில அடுத்த தோட்டாவ ஏத்திக்கும். அவ்வளவுதான் அண்ணி. பின்னாடி முழுசா ஓடலேன்னா, காலிக் கூடு வாசல்லயே நட்டுக்கிட்டு நிக்கும். அடுத்தது உள்ள போகாது."

அப்படி நின்றால் தோட்டா, ஸ்ப்ரிங், அழுக்கு என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் தேர்வு நடக்கும் அந்தச் சுடும் திடலில் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: மணிக்கட்டு. சுடுகிறவர் தளரப் பிடித்தால், பின்னால் ஓட வேண்டிய உதையைக் கையே வாங்கிக்கொள்ளும். அதனால் அங்கே யாருக்குத் துப்பாக்கி சிக்கினாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். தட்டி இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சுடுவார்கள். சொன்னால் 'உன் கை தொளதொள' என்று பேர் வந்துவிடுமே!

அவள் சொன்னாள். "துப்பாக்கியிலதான் சார் கோளாறு" என்று திடலுக்குப் பொறுப்பான ரேஞ்ச் அதிகாரியிடமே சொன்னாள். பின்னால் நின்ற ஒருவர், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வைத்தியரும் சிரித்தார்.*

* இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அவர் கேட்டார். பிறகு அவரே, "இருக்கட்டும் அண்ணி, சிரிச்சேன்தானே" என்றார்.

புகார் வந்தால் பரிசோதிக்க வேண்டும். அவர் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: துப்பாக்கியைச் சந்தேகப்பட்டால், சந்தேகமே இல்லாத தோட்டாவால் சோதிக்க வேண்டும். அதற்காகவே மேசை டிராயரில் பழைய கொள்முதலின் தோட்டாப் பெட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். அதிலிருந்து இருபது எடுத்து, அவள் துப்பாக்கியில் போட்டுச் சுட்டார். வெண்ணெயாக ஓடியது, இருபதும். எழுதினார்: 'துப்பாக்கியில் பழுது இல்லை. சுடுபவரின் மணிக்கட்டுத் தளர்வு.'

கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் போட்டார்.

இரண்டாம் வாய்ப்பு மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. அவள் அதிலும் தோற்றாள்.

4

இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். நல்ல பக்கம்தான், நானே சொல்லக் கூடாது.

[அந்தப் பக்கம் இங்கே இருந்தது. கொழுந்தனார் சொன்னார்: "அழல அண்ணி. கூட்டிப் பெருக்கினா."]

ஆமாம். சுட்டவரே தன் காலிக் கூடுகளைக் கூட்டி அள்ள வேண்டும் என்பது அங்கே விதி. அவள் துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வைத்தியர் அவள் துப்பாக்கியை வாங்கி, டிராயர்த் தோட்டாவில் மறுபடி பத்து சுட்டுப் பார்த்து முடித்திருந்தார், வழக்கம் போல் ஒரு குறையும் இல்லாமல்.

"சார், ஒரு நிமிஷம். உங்க கூடு எங்க விழுந்திருக்கு பாருங்க."

வலப்பக்கம் நாலைந்து அடி தள்ளிச் சிதறிக் கிடந்தன.

"என்னோடது எல்லாம் என் கால்மாட்டுலயே கிடக்கு."

"பிடி தளர்ந்தா அப்படித்தான்மா விழும்" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு.

"அப்போ என் தோட்டாவ நீங்க சுடுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, தோட்டா தோட்டாதானே என்று அவரும் நினைத்திருந்தார். தேர்வுக்குக் கொடுத்த பெட்டியில் மிச்சமிருந்ததை அவள் நீட்டினாள். வாங்கி நிரப்பினார். உடும்புப் பிடியாகப் பிடித்துச் சுட்டார்.

ஒன்பதாவது தோட்டாவில் காலிக் கூடு வாசலில் நட்டுக்கொண்டு நின்றது.

வைத்தியருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"அப்போ என் கை இல்லையே சார்?"

"உன் கை இல்லம்மா."

அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லையாம். "அப்பாடா, அப்பாடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். அவருக்கும் மனசு லேசானது. 'நல்லவேளை, பாவம் அந்தப் பெண், திங்கட்கிழமை மூன்றாவது வாய்ப்புக்குள் சரிபண்ணிவிடலாம்' என்று நினைத்தார். காரணம் என்னவென்று அப்போது அவருக்கும் தெரியாது. அந்த மாலை முழுக்க அவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

5

சனிக்கிழமை திடலுக்கு விடுமுறை. அனுமதி வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. தோட்டா அடுக்கும் மேகசினை மாற்றினார், சிக்கியது. துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தார், சிக்கியது. வேறு துப்பாக்கி எடுத்தார், அதுவும் சிக்கியது! பிறகு மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டார். கடைசித் தோட்டா போனதும் மேல்பாகம் பின்னால் பூட்டிக்கொண்டு திறந்தே நிற்க வேண்டும். நிற்கவில்லை, மூடிக்கொண்டது. ஐந்து முறை செய்தார், மூன்று முறை மூடிக்கொண்டது.

ஆக, மேல்பாகம் பின்னால் முழுசாக ஓடவில்லை. ஒன்று, தோட்டாவின் உதை குறைவு. அல்லது—

அந்த 'அல்லது' வந்ததும் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதுகூட அவர் எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், பழைய தோட்டாக்களின் உதை ரொம்பக் காரமாக இருக்கிறது, மேல்பாகம் அடித்து அடித்துத் துப்பாக்கி தேய்கிறது என்று, அறுபத்திரண்டு பிஸ்டலிலும் கெட்டியான ஸ்ப்ரிங் மாட்டினார். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் எழுதி அனுமதி வாங்கவில்லை. பிள்ளைகளுக்குச் சத்து மருந்து கொடுப்பது போல, அவராகவே பார்த்துச் செய்தது. இரண்டு மாதம் முன்பு நிறுவனம் உதை குறைந்த பயிற்சித் தோட்டாவுக்கு மாறியது. அந்தத் தோட்டாவிலும் பழுதில்லை, ஸ்ப்ரிங்கிலும் பழுதில்லை. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், ஜோடிதான் சேரவில்லை. அவர் டிராயரில் இருந்ததோ பழைய காரத் தோட்டா. அதை வைத்து எத்தனை முறை சோதித்தாலும் வியாதி எப்படித் தெரியும்?

பழைய ஸ்ப்ரிங்குகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுத்து அவள் துப்பாக்கியில் மாட்டினார். பத்து நிமிஷ வேலை. புதுத் தோட்டா நாற்பது சுட்டார், ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டாராம், ஒரு நிமிஷம். பிறகு மறுபடி கெட்டி ஸ்ப்ரிங்கையே மாட்டி, டின்னை மூடி, அலமாரியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

(ஏன் அப்படிச் செய்தார்? கதாபாத்திரத்தை நம்பலாமா என்று எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது இங்கேதான். கேட்டேன். "அனுமதி இல்லாம அறுபத்திரண்டு துப்பாக்கியத் தொட்டது வெளிய வந்தா, என்னை அந்த ரூமுக்குள்ளயே விடமாட்டாங்க அண்ணி" என்றார். "வேற எனக்கு என்ன தெரியும்?")

6

ஞாயிறு மதியம். இப்போது கதைக்குள் நான் வருகிறேன், தப்பிக்க வழியில்லை.

என் கணவர் வெளியூர் போயிருந்தார். கொழுந்தனாரும் ஓரகத்தியும் சாப்பிட்டு முடித்து, மேசையில் நாங்கள் மூவர். அவர் சனிக்கிழமைக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "ஸ்ப்ரிங்க சொல்லாம எழுத முடியுமா அண்ணி? பொய் இல்லாம?" என்றார்.

பொய் இல்லாமல் மறைப்பதா? அது எனக்குக் கைவந்த கலை. இருபது வருஷமாக வேறென்ன செய்கிறேன்? ஐந்து நிமிஷத்தில் எழுதினேன்:

'தற்போது பயன்பாட்டில் உள்ள பயிற்சித் தோட்டாக்களின் உதைவேகம், துப்பாக்கியின் முழு இயக்கத்துக்குப் போதுமானதாக இல்லை என்பது சோதனையில் உறுதியானது.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. "அண்ணின்னா அண்ணிதான்! யார் மேலயும் பழி இல்ல. அவ மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஓரகத்தி தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்போ அந்தப் பொண்ணு நாளைக்குச் சுடுவாளா?"

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களத்தான்."

"தோட்டா சரியில்லன்னா அதைத் திருப்பி அனுப்பி, விசாரிச்சு, புதுசு வரணும். அதுவரைக்கும் தேர்வு கிடையாது."

"எப்ப வரும்?"

"மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவ?"

"தேறாதவங்க பட்டியல்ல இருக்கறவங்கள… கிடங்குக்குத்தான்."

"அந்தக் கொழந்தைய யாருங்க பாத்துப்பாங்க?"

நான் எழுதிய அழகான வாக்கியம் அவர் சட்டைப்பையில் இருந்துகொண்டு, ஒரு தாயையும் மகளையும் பிரிக்கத் தயாராக இருந்தது. வாக்கியம் ஒழுங்காக முடிகிறதா என்று பார்த்தேனே ஒழிய, அதைப் படித்தபின் அவள் எங்கே போவாள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? அவள் எனக்கு ஒரு காவலாளிதான், அறிக்கையில் பேர்கூட வராத ஆள். சீ என்று இருந்தது.

"அதைக் குடுங்க தம்பி" என்றேன்.

கொடுத்தார். கிழித்தேன்.

"வேற எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன். நீங்களே எழுதுங்க."

7

அந்த மேசையிலேயே உட்கார்ந்து அவர் எழுதினார். அரை மணி நேரம் ஆனது. அலங்காரம் எதுவும் இல்லை: ஆறு மாதம் முன் அறுபத்திரண்டு பிஸ்டலிலும் அனுமதியின்றி நான் கெட்டி ஸ்ப்ரிங் மாட்டினேன், புதுத் தோட்டாவுக்கு அது ஒத்துவரவில்லை, பழைய ஸ்ப்ரிங் மாட்டினால் ஓடுகிறது, ஓட்டிப் பார்த்தேன். கீழே கையெழுத்து.

எழுதி முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "யம்மா" என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி. ஓரகத்தி சிரித்துவிட்டாள். "இவ்வளவுதானே, இதுக்கா ரெண்டு நாளா என்னைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க?" நானும் சிரித்தேன். எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி. வேலை போகுமோ என்று தெரியாமலே வந்த நிம்மதி அது.

8

திங்கட்கிழமையை எப்படி எழுதுவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

ஒன்றில் ரேஞ்ச் அதிகாரி மேசையில் ஓங்கி அடிக்கிறார், வைத்தியர் தலை குனிந்து தெருவில் நடக்கிறார், மழை வேறு. [வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.] இன்னொன்றில் அவள் ஓடிவந்து, "நீங்க தெய்வம் சார்" என்கிறாள். அதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். சொந்தத் தப்பைச் சொன்னவனெல்லாம் தெய்வமா?

நடந்தது இது. அதிகாரி அறிக்கையைப் படித்தார், வைத்தியரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், உன்னை என்ன செய்யறதுன்னு மேல கேக்கணும். எழுத்துல ஒரு கண்டனம் உறுதி. இப்ப நிக்காத, போய் ஸ்ப்ரிங்க மாத்து. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மணிக்குத் தேர்வு." அவ்வளவுதான். அறையை விட்டு வெளியே வந்ததும் வைத்தியர் கிட்டத்தட்ட ஓடினாராம், சந்தோஷத்தில்.

ஸ்ப்ரிங்கை மாற்றி அவள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும்போது உண்மையைச் சொன்னார். "அந்த ஸ்ப்ரிங் நான் மாட்டினதும்மா. உன் கைன்னு எழுதினதும் நான்தான்."

அவள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்ச் சுட்டாள். முப்பதும் ஓடின. கூடுகள் வலப்பக்கம் தள்ளித் தள்ளி விழுந்தன. இருபத்தேழு உள்ளே. கிடங்கு இல்லை, தங்கல் இல்லை, எட்டு முதல் மூன்று! எனக்கு இதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். ஆனால் அவள் கூடுகளைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வந்தாள்.

"ஒரு மாசமா தினம் சாயங்காலம் தண்ணி பாட்டிலைக் கை நீட்டிப் பிடிச்சிட்டு நிப்பேன் சார். எம்பொண்ணு எண்ணுவா. நூறு வரைக்கும். 'அம்மா, உன் கை நல்லாயிடுச்சா?'ன்னு கேப்பா. எனக்கே என் கை மேல நம்பிக்கை போயிடுச்சு."

வைத்தியர் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியப் பத்தி எழுதிட்டீங்க, சரி. என் கையப் பத்தி நீங்க எழுதின காகிதம் இன்னும் என் ஃபைல்லதான் சார் இருக்கு. அதுக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க."

ஃபைலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். திறந்து மேசையில் வைத்தாள். 'சுடுபவரின் மணிக்கட்டுத் தளர்வு' என்ற வரிக்குக் கீழே, முத்திரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கதைக்கு வேண்டாத ஒரு வாக்கியத்தை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவள் நான். இதற்கும் நானே முந்திக்கொண்டு நிற்க மாட்டேன். பேனா இனி உங்களிடம். இடம் ஒரு வரிக்குத்தான்.

..............................................................

அழகாக இருக்க வேண்டியதில்லை. அவள் எதிரிலேயே நிற்கிறாள், படித்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள். மணி மூன்று தாண்டிவிட்டது. பள்ளி விடப் போகிறது, சீக்கிரம் எழுதுங்கள்.